எக்கூத்தே, ஓஸ்குல்த்தே: பிரெஞ்சு மருத்துவச் சொற்களை ரசிப்பது எப்படி?

பிரெஞ்சு கற்பவர்களை மிரட்டுவது மருத்துவரின் அறிக்கைதான். வீட்டில் பேசும் சொல் ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் அலுத்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். பல ஜோடிகள் உடன்பிறந்தவை என்பது காதுக்கே தெரியும்.

'எக்கூத்தே' என்றால் கேட்பது. பாட்டைக் கேட்பதும் பெரியவர்கள் பேச்சைக் கேட்பதும் அதுதான். 'ஓஸ்குல்த்தே' என்றால் மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது. இரண்டுக்கும் தாய் 'அவுஸ்குல்தாரே' என்ற லத்தீன் சொல். மூத்தது ஊரார் வாயில் புழங்கி, பழைய காசு போலத் தேய்ந்தது. இளையதைப் படித்தவர்கள் ஏட்டிலிருந்து நேரே எடுத்துக்கொண்டார்கள். 1816-ல் பாரிஸ் நெக்கேர் மருத்துவமனையில் ரெனே லாயெனெக், ஒரு பெண்ணின் மார்பில் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை அது. 1819-ல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அந்த ஏட்டுச் சொல் ஏறிவிட்டது.

தேய்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சில உயிரெழுத்துகளின் தலையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு தொப்பி போடுவார்கள். பெரும்பாலும் அது காணாமல் போன 'ஸ்' ஒலியின் அடையாளம். 1740-ல் பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியில் ஒலிக்காத 'ஸ்' எழுத்தை ஏராளமான சொற்களிலிருந்து நீக்கியது. மருத்துவரோ அதை விடவில்லை. விலா எலும்பு 'கோத்'. விலாக்களுக்கு இடைப்பட்டது 'அந்தெர்கோஸ்தால்'. சுவை 'கூ', சுவை சார்ந்தது 'குஸ்தாதிஃப்'. மெல்லுவது பேச்சில் 'மாஷே', ஏட்டில் 'மஸ்திக்கே'. மருத்துவமனைகூட 'ஒப்பித்தால்'தான். ஆனால் உங்களை அங்கே சேர்க்கும்போது 'ஒஸ்பித்தாலிசே' என்று 'ஸ்' திரும்பி வந்துவிடும்!

சில உடன்பிறப்புகள் உடம்பின் வேறு வேறு மூலைக்கே குடிபோய்விட்டன. சிறு சாவி என்று பொருள்படும் லத்தீன் 'கிளாவிகுலா', ஏட்டு வழியில் வந்து கழுத்தடி எலும்பான 'க்ளவிக்யூல்' ஆனது. வாய் வழியில் வந்தது 'ஷெவீய்' என்று முளைக்குச்சியாகி, பிறகு கணுக்காலாகவும் ஆனது. எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இதுதான்.

இந்தப் பிளவுக்குப் பின்னால் சாதாரண அதிகாரப் போட்டியும் உண்டு. பாரிஸ் மருத்துவப் பீடத்தின் மொழி லத்தீன். நாவிதர்களோடு சேர்த்து எண்ணப்பட்ட அறுவை வைத்தியர்களுக்கு அது தெரியாது. போர்க்களத்தில் தொழில் பழகிய அம்ப்ருவாஸ் பாரே பிரெஞ்சிலேயே எழுதினார். 1575-ல் அவருடைய நூல்தொகுப்பு வந்தபோது பீடம் ஆட்சேபித்தது. காயத்துக்குக் கட்டுப்போடும் அவர் தொழிலின் சொல் 'பான்ஸே'. நினைப்பதற்கும் 'பான்ஸே'தான், எழுத்தில்தான் வேறுபாடு, ஒலி ஒன்றே. ஒருவரை நினைத்து அக்கறை கொள்வது, பிறகு அவரைப் பார்த்துக்கொள்வது, கடைசியில் புண்ணைக் கட்டுவது என்று ஒரே சொல்லின் பொருள் நகர்ந்திருக்கிறது. பீடத்தின் லத்தீன் எதுவும் இவ்வளவு அழகாக எனக்குப் படவில்லை.

எல்லா ஜோடியிலும் உறவு தேட வேண்டாம். கல்லீரல் 'ஃபுவா'. அத்திப்பழம் ஊட்டி வளர்த்த பிராணியின் ஈரலுக்கு ரோமானியர் சமையலறையில் வைத்த பெயரிலிருந்து வந்தது அது. பழத்தின் பெயர் கடைசியில் உறுப்புக்கே ஒட்டிக்கொண்டது. மருத்துவர் அதைத் தொடாமல் கிரேக்கத்துக்குப் போய் 'எப்பதிக்' என்பார். பண்டிகையில் கண்டதையும் தின்றுவிட்டு 'ஃபுவா'வுக்கு நெருக்கடி என்று பிரெஞ்சுக்காரர் புலம்புவது வெறும் அஜீரணம். மருத்துவ நூலில் அப்படியொரு நோயே இல்லை. அதேபோல 'இதயத்தில் வலி' என்றால் பதறாதீர்கள், பெரும்பாலும் குமட்டல்தான்.

கடைசியாக, காத்திருப்போர் அறையில் பக்கத்து நாற்காலிகளின் பேச்சுக்குக் காது கொடுங்கள். கண் மருத்துவரான 'ஒஃப்தால்மொலோக்' அங்கே 'ஒஃப்தால்மோ'; தோல் மருத்துவர் 'தெர்மாதோ'; உடற்பயிற்சி சிகிச்சை தரும் 'கினேசிதெரபேத்' வெறும் 'கினே'. ஏட்டுச் சொல்லையும் வாய் தேய்க்கத் தொடங்கியாயிற்று.