கைத்துப்பாக்கித் தோட்டாவும் கார்பைனும்: பயன் எதுவரை?

1873-இல் வந்த வின்செஸ்டர் துப்பாக்கியின் .44-40 தோட்டாவையே 1878-இலிருந்து கோல்ட் ரிவால்வரிலும் போட முடிந்தது. கடைகண்ணி இல்லாத அமெரிக்க மேற்கில், ஒரே தோட்டா இரண்டு துப்பாக்கிக்கும் உதவியது பெரிய வசதி. கைத்துப்பாக்கித் தோட்டாவைப் போட்டு, தோளில் தாங்கிச் சுடும் நீண்ட துப்பாக்கியே இங்கே பேசும் கார்பைன். இன்று அமெரிக்காவில் விற்கும் 9 மி.மீ. கார்பைன்களுக்கும் அதே வசதிதான் முதல் விளம்பரம். ருகர் நிறுவனத்தின் பிசி கார்பைனில் கிளாக் கைத்துப்பாக்கியின் மேகசினையே மாட்டிக்கொள்ளலாம்.

இந்த ஆயுதத்தின் உண்மையான பலம் குறி தவறாமையில் இருக்கிறது. கைத்துப்பாக்கியை நீட்டிய கைகள் மட்டுமே தாங்குகின்றன. கார்பைனுக்குத் தோளும் கன்னமும் சேர்ந்து கிடைப்பதால் நடுக்கம் அடங்குகிறது. கைத்துப்பாக்கியால் 50 மீட்டரில் தடுமாறுபவர்கூடக் கார்பைனால் நிதானமாகச் சுடலாம். ரைஃபிள் தோட்டாவைவிடக் கைத்துப்பாக்கித் தோட்டாவின் விலை குறைவு, சத்தமும் குறைவு. பயிற்சிக்கும் போட்டிக்கும் கார்பைனைவிட ஏற்றது அரிது.

ஆனால் குறி கூடும் அளவுக்கு வலிமை கூடுவதில்லை. 9 மி.மீ. தோட்டாவின் மருந்து குட்டைக் குழலிலேயே பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடும். கைத்துப்பாக்கியில் சுமார் 500 ஜூலாக இருக்கும் ஆற்றல், 16 அங்குலக் குழலில் 600-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. அதே நீளக் குழலுள்ள 5.56 மி.மீ. ரைஃபிள் 1,600 ஜூலைத் தாண்டுகிறது. 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த 9 மி.மீ. கார்பைனின் குண்டு 200 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிடும். மெதுவாக எரியும் மருந்து கொண்ட .357 மேக்னம் இதற்கு விலக்கு. நீண்ட குழல் அதன் வேகத்தை நன்றாகவே கூட்டுகிறது.

எடையிலும் லாபமில்லை. பெரும்பாலான 9 மி.மீ. கார்பைன்களில், குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் இறுகப் பூட்டிக்கொள்வதில்லை; அதன் கனமே வெடிப்பைத் தாங்க வேண்டும். உதையைக் குறைக்க ருகர் டங்ஸ்டன் எடை ஒன்றையும் உள்ளே வைத்தது. துப்பாக்கி மூன்று கிலோவைத் தொடுகிறது; ஏஆர்-15 வகை ரைஃபிளும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரே சுமையைத் தூக்கிக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு ஆற்றலோடு திருப்தியடைவது ஏன் என்ற கேள்விக்கு, விலையையும் சத்தத்தையும் கைத்துப்பாக்கியோடு தோட்டாவைப் பகிரும் வசதியையும் தவிர வேறு பதில் கிடைப்பதில்லை.

இந்த வலிமைக் குறைவு எங்கே உறுத்தும் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் வடக்கு ஹாலிவுட்டில் வங்கிக் கொள்ளையர் குண்டு துளைக்காத கவசம் அணிந்து வந்தனர். காவலர்களின் கைத்துப்பாக்கியிலிருந்த 9 மி.மீ. தோட்டாக்கள் அதைத் துளைக்கவில்லை. அக்கம்பக்கத் துப்பாக்கிக் கடையில் ரைஃபிள் வாங்கி ஓடிவர வேண்டியதாயிற்று. அதன்பின் ரோந்துக் காவலர்களுக்கு ரைஃபிள் தரப்பட்டது. அந்தக் கவசத்தின் முன் தோற்றது தோட்டாதான். குழலை நீட்டி, தோள்கட்டை மாட்டினாலும் அந்தக் குறை தீராது.

இன்னொரு பக்கத்தையும் எடைபோட்டே ஆக வேண்டும். பழகாதவரும் எளிதில் குறி பார்க்கலாம் என்பது தீய கைகளுக்கும் பொருந்தும். 1999-இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளிப் படுகொலையில் கொலையாளிகள் உள்ளே கொண்டுபோன ஆயுதங்களில் ஒன்று மலிவான 9 மி.மீ. கார்பைன். எளிமையை மெச்சுபவர், பூட்டிவைக்கும் பொறுப்பையும் சேர்த்தே வலியுறுத்த வேண்டும்.

ஆகவே, போட்டிக்கும் பயிற்சிக்கும் 50, 60 மீட்டருக்குட்பட்ட தேவைக்கும் இந்தக் கார்பைன் நல்ல கருவி. ரைஃபிளின் வேலையை அதனிடம் எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். எவ்வளவு தூரம், எதற்காக என்று தீர்மானித்த பிறகே தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துப்பாக்கியின் வடிவம் அதற்கு அடுத்தபடிதான்.