லூவர் வைத்த வண்டி

பழைய ஃபோக்ஸ்வேகன் வேனைப் புகழ்பவர்கள் அதன் உருண்டை முகத்திலும் இரட்டை நிறத்திலும் நின்றுவிடுகிறார்கள். அந்த வண்டி காற்றுக்குச் செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. என் கண்ணுக்கு அதன் அழகே அங்கேதான் இருக்கிறது.

தகரக் கூட்டுக்குள் இரண்டு பேர் படுத்தால் என்ன ஆகும்? வெயில் காலத்தில் கூரை வாங்கிய சூடு முழுவதும் உள்ளே இறங்கும். குளிர் இரவென்றால் வேறு வம்பு. மூச்சில் வரும் ஈரம் கண்ணாடியிலும் தகட்டிலும் பட்டுத் தண்ணீராகி, வழிந்து, மெத்தைக்கு அடியில் போய்ச் சேரும். பூஞ்சைக்கும் துருவுக்கும் அதுதான் பிள்ளையார் சுழி. ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தால் போதாது. வந்த காற்று வெளியேற இன்னொரு வழி வேண்டும்; அதுவும் தள்ளி இருக்க வேண்டும், முடிந்தால் உயரத்தில்.

வண்டி 1950-ல் வந்தது. 1955-ல் முன்கூரையைத் தொப்பி விளிம்புபோலச் சற்று நீட்டி, அதன் அடியில் வலை போட்ட ஒரு வாயை வைத்தார்கள். ஓடும்போது காற்று அதில் புகுந்து, உள்கூரையில் இருக்கும் பெட்டி வழியாக இறங்கும். சாலைப் புழுதிக்கு எட்டாத உயரத்தில் காற்றை எடுக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். முன்கதவுகளில் முக்கோணக் கண்ணாடி வேறு. பழைய அம்பாசிடரில் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும்: கொஞ்சமாகத் திறந்தால் உள்காற்றை வெளியே இழுக்கும், நன்றாகத் திருப்பினால் வெளிக்காற்றை அள்ளி முகத்தில் அடிக்கும்.

பேர் பெற்றது என்னவோ 'சஃபாரி' ஜன்னல்தான். முன்பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மேல்விளிம்பில் கீல் வைத்து, கீழ்ப்பக்கம் வெளியே தூக்கிக்கொள்ளும். பார்க்க ஜோர். ஆனால் காற்றோடு பூச்சியும் நேராக மாரில் வந்து மோதும். படத்துக்கு அழகு என்பேன். பயணத்துக்கு அவ்வளவு இல்லை.

நான் மயங்குவது பக்கவாட்டு லூவரில். 1951 முதலே இந்த வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்திக்கொடுத்த வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் பிற்பாடு இதைக் கொண்டுவந்தது. நம் வீட்டுக் குளியலறை ஜன்னலில் இருக்கும் அதே லூவர்தான்: அலுமினியச் சட்டம், குறுக்கே கண்ணாடிப் பட்டைகள். உள்ளிருந்து குமிழைத் திருகினால் எல்லாப் பட்டைகளும் ஒன்றாகச் சாயும். சாய்வைப் பாருங்கள். ஒவ்வொரு பட்டையின் கீழ்விளிம்பும் வெளியே நீளும், மேல்விளிம்பு உள்ளே வரும். தூறல் விழுந்தால் நீர் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு வழிந்து வெளியிலேயே போய்விடும். நுழைகிற காற்றோ அந்தச் சரிவில் ஏறி, படுத்திருப்பவர் மேல் நேராக அடிக்காமல், கூரைப் பக்கம் போகும். உள்பக்கம் கொசுவலை. மழையிலும் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கலாம். மின்சாரமே வேண்டாம்.

மேலே போன காற்றுக்கு அங்கே வழி இருக்கிறது. இரவில் கூரையைத் தூக்கி நிறுத்தினால் சுற்றிலும் கான்வாஸ் துணி விரியும். அதில் வலை போட்ட திறப்பு உண்டு. சூடான காற்று தானாக அங்கே ஏறி வெளியேறும்; அது விட்ட இடத்தை நிரப்பக் கீழே லூவர் வழியாகப் புதுக்காற்று வரும். (மேல்படுக்கையில் ஏற்றிவிடப்படும் பிள்ளைகளுக்குத்தான் கீழே உள்ளவர்களின் புழுக்கம் போய்ச் சேரும். அதை யாரும் கேட்பதில்லை.)

லூவருக்குக் குறை இல்லாமல் இல்லை. மூடினாலும் முழுதாக மூடாது, ஓடும்போது கடகடக்கும், இடுக்கில் குளிர்காற்று நுழையும். அந்த இடுக்குதான் குளிர் இரவில் ஈரத்தை ஓரளவு வெளியே விடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1979-ல் அடுத்த தலைமுறை வண்டி வந்தபோது லூவரின் இடத்தைத் தள்ளு ஜன்னல் பிடித்துக்கொண்டது. சத்தம் போயிற்று. ஆனால் தள்ளு ஜன்னலை எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். சாரல் அடித்தால் அதையும் மூடியாக வேண்டும்.

இன்று வேன் கட்டுபவர்கள் கூரையில் 14 அங்குலச் சதுரம் வெட்டி, 12 வோல்ட் விசிறி வைத்துவிடுகிறார்கள். நல்ல சாமான்தான். ஆனால் விசிறிக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் காற்று குறுக்குவழியில் வந்து அப்படியே மேலே போய்விடும். படுக்கைப் பக்கம் எட்டியும் பார்க்காது. விசிறி முன்னால் என்றால் பின் ஜன்னலைத் திறக்க வேண்டும், பின்னால் என்றால் முன் ஜன்னலை. மழை இரவில் அந்த ஜன்னல் எது, அதைத் திறந்துவைக்க முடியுமா என்று பார்த்துவிட்டுக் கூரையை வெட்டுங்கள். என்னைக் கேட்டால், அங்கே வைக்க லூவரைவிட நல்ல ஜன்னல் இன்னும் வரவில்லை.