தனித்தாளும் முழுநூலும்: நியூரம்பெர்க் வரலாற்று நூலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

அச்சுக்கலையின் தொடக்கக் காலப் படநூல்களிலிருந்து பிரிந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பது மேலைநாட்டில் நெடுநாள் வழக்கம். முழுநூலை வாங்க இயலாதார் கைக்கும் ஐந்நூறாண்டுப் பழமை எட்டுகிறது என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். அந்நியாயம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை ஒரு நூலைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஹார்ட்மன் ஷேடல் தொகுத்த உலக வரலாற்றை அன்டோன் கோபர்கர் 1493இல் நியூரம்பெர்க்கில் இலத்தீனிலும் ஜெர்மனிலும் அச்சிட்டார். மிகாயேல் வோல்கெமுட், வில்ஹெல்ம் பிளைடன்வுர்ஃப் ஆகியோரின் பட்டறையில் உருவான 645 மரக்கட்டைகளைக் கொண்டு 1809 படங்கள் பதிக்கப்பட்டன என்பது அறிஞர் கணக்கு. ஆகவே ஒரே கட்டை பலமுறை பயன்பட்டது. டமாஸ்கஸ், ஃபெராரா, மிலான், மாந்துவா ஆகிய நான்கு நகரங்களுக்கும் ஒரே படம் பெயர் மாற்றி இடப்பட்டிருப்பதைக் கலை வரலாற்றறிஞர் கோம்பிரிச் எடுத்துக்காட்டினார்.

தனித்தாளின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. டமாஸ்கஸ் தாளை மட்டும் சட்டமிட்டு மாட்டியவர் அதனை டமாஸ்கஸின் தோற்றமென்றே நம்புவார். தாள்களைப் புரட்டிச் செல்பவரோ, அப்படம் ‘நகரம்’ என்னும் கருத்தின் குறியே என்பதை உணர்வார். தாள் பொய் சொல்லவில்லை. துணைத்தாள்கள் இன்மையால் அதன் பொருள் திரிகிறது. சட்டத்தின் பின்னே மறுபக்கமும் மறைந்துவிடுகிறது. உலக முடிவைக் கூறும் பகுதிக்கு முன், வருங்கால நிகழ்ச்சிகளை உடையவரே எழுதிக்கொள்ள வெற்றுத்தாள்கள் விடப்பட்டுள்ளன. நூலின் கருத்தாழமிக்க அவ்விடம் படமற்றதாதலின், படத்தாள் சேர்ப்போர் அதனை நாடுவதில்லை.

இலத்தீன் பதிப்பில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் எஞ்சியிருப்பதால் ஒன்றைப் பிரிப்பது இழப்பன்று என்பாரும் உளர். ஆயின் வண்ணம், கட்டடம், உடையவர் குறிப்பு ஆகியவற்றால் ஒவ்வொரு படியும் தனி வரலாறு உடையது. முன்னரே சிதைந்த படியின் தாளைப் பேணுவது தொண்டு; விற்பனைக்காக முழுப்படியைப் பிரிப்பது அழிவு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.

ஓர் ஏடு குறைந்தாலும் பாடம் தடுமாறும் என்பதைச் சுவடிப் பதிப்பு வரலாறு நமக்குக் கற்பித்துள்ளது. ஆதலின், தனித்தாள் வைத்திருக்கும் நூலகங்கள் அதன் தாளெண், அளவு, நீர்க்குறி, புழுத்துளை, வண்ணம், வந்த வழி ஆகியவற்றைப் பதிந்து, இரு பக்கங்களையும் படமெடுத்து வெளியிடுதல் வேண்டும். பிரிந்தவை மீண்டும் ஒன்றையொன்று அறிவதற்கு அதுவே வழி.