பபிதா: டாக்கா திரையுலகின் அனங்க பௌ

வங்காளதேசத் திரைப்பட நடிகை பபிதா 1953 ஜூலை 30 அன்று, அந்நாடு கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த காலத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஃபரீதா அக்தர் பாப்பி. அக்கா சுசந்தாவும் தங்கை சம்பாவும் நடிகைகளே. சுசந்தா இயக்குநர் ஜாஹிர் ராய்ஹானை மணந்துகொண்டதால், பபிதாவுக்குத் திரையுலகம் வெளியே தேடிப் போக வேண்டிய இடமாக இருக்கவில்லை.

அன்றைய டாக்கா சினிமாவுக்கும் வயது குறைவுதான். அங்கே எடுக்கப்பட்ட முதல் முழுநீள வங்க மொழிப் பேசும்படமான 'முக் ஓ முகோஷ்' 1956இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்கான சட்டம் நிறைவேறியது. 1965 இந்திய-பாகிஸ்தான் போருக்குப் பிறகு இந்தியப் படங்களின் வரவு தடைப்பட்டதால், கல்கத்தாப் படங்களுக்குப் பழகிய ரசிகர்களும் உள்ளூர்ப் படங்களையே நாட வேண்டியதாயிற்று. புதுமுகங்களுக்கு வாய்ப்பு பெருகிய அந்தச் சமயத்தில்தான் பபிதா நடிக்க வந்தார்.

1968இல் வெளியான 'சன்சார்' அவருடைய முதல் படம். அதில் நடிகர் ரசாக்கும் சுசந்தாவும் தாய் தந்தையர். பபிதா அவர்களுடைய மகள். மறுஆண்டே 'ஷேஷ் பர்ஜந்தோ' படத்தில் அதே ரசாக்குக்கு நாயகியானார். நேற்றைய மகள் இன்று காதலி என்பதை நம் ஊர் ரசிகர்களைப் போலவே டாக்கா ரசிகர்களும் பெரிதுபடுத்தவில்லை. பபிதா என்ற பெயரும் ராய்ஹானின் படக்குழுவில் கிடைத்ததே.

1971 விடுதலைப் போர் அந்தக் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. 'ஸ்டாப் ஜெனோசைட்' ஆவணப்படத்தை எடுத்த ராய்ஹான், காணாமற்போன தம் அண்ணனைத் தேடி 1972 ஜனவரி 30 அன்று மீர்பூருக்குப் போனார், திரும்பவில்லை. அதே ஆண்டு சுபாஷ் தத்தா இயக்கிய 'அருணோதயேர் அக்னிசாக்ஷி'யில், போரில் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணாகப் பபிதா நடித்தார். அத்தகைய பெண்களை அரசு வீராங்கனைகள் என்று போற்றினாலும், அவர்களைத் திரும்ப ஏற்கக் குடும்பங்கள் தயங்கிய காலம் அது. காதல் நாயகியாக அறிமுகமான ஒருவர் அந்த வேடத்தை ஏற்றதற்குத் துணிச்சல் வேண்டும்.

வெளியுலகம் அவரை அறிந்தது சத்யஜித் ராயின் 'அசனி சங்கேத்' மூலம். ராயின் படங்களுக்குப் புகைப்படம் எடுத்துவந்த நிமாய் கோஷ், டாக்காவுக்கு வந்து பபிதாவைப் படமெடுத்துச் சென்றார். பின்பு ராயிடமிருந்து அழைப்பு வந்தது. அக்காவுடன் கல்கத்தா போன முதல் நாள், பூச்சு அதிகமாக இருந்த தம் முகத்தைப் பார்த்த ராய், மறுநாள் ஒப்பனையே இல்லாமல் வரச்சொன்னதாகப் பபிதா பின்னாளில் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். அனங்க பௌ என்ற பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. கணவன் கங்காசரணாக நடித்தவர் சௌமித்ர சட்டர்ஜி.

பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் நாவலைத் தழுவிய அந்தப் படம் 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றியது. கதையின் தொடக்கத்தில் அந்தப் பிராமணத் தம்பதிக்குக் குறையொன்றும் இல்லை. பூசை, பள்ளிக்கூடம், வைத்தியம் மூன்றும் கங்காசரணிடமே இருப்பதால் ஊரார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எங்கோ நடக்கும் போரால் அரிசி விலை ஏறுகிறது. பிறகு அரிசியே கிடைப்பதில்லை. குலப்பெருமையை ஒதுக்கிவைத்து நெல் குத்தப் போகிறாள் அனங்க பௌ. அதுவும் போதாமல் காட்டில் கிழங்கு தோண்டப் போகும் நிலை வருகிறது. இந்தச் சரிவை அழுகையும் புலம்பலுமாகக் காட்டியிருந்தால் படம் கெட்டிருக்கும். பபிதாவோ நடையின் வேகத்திலும், கணவன் சாப்பிடும்போது பார்க்கும் பார்வையிலுமே அதைக் கொண்டுவருகிறார். படப்பிடிப்பின்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

பஞ்சப் படத்துக்கு இத்தனை வண்ணமும் இத்தனை அழகும் ஏன் என்று விமர்சகர் சிலர் கேட்டார்கள். விளைச்சல் பொய்த்து வந்த பஞ்சமல்ல அது. போர்க்கால விலையேற்றமும் பதுக்கலும் ஆட்சியின் அலட்சியமும் சேர்ந்து உண்டாக்கியது. வயல் பச்சையாக இருக்க, வயிறு காய்ந்தது. அந்த முரணைச் சொல்ல வண்ணம் தேவைப்பட்டது. அனங்க பௌவின் முகப்பொலிவும் அதற்காகவே. 1973 பெர்லின் திரைப்பட விழாவில் படம் தங்கக் கரடி விருது பெற்றது.

இந்தப் புகழோடு அவர் கல்கத்தாவில் தங்கிவிடவில்லை. டாக்கா வணிக சினிமாவுக்கே திரும்பினார். வெளிநாட்டார் எழுதுவதில் பபிதா என்றாலே ராயின் ஒரு படத்தோடு பேச்சு முடிந்துவிடும். அவருடைய உழைப்பின் பெரும்பகுதி இருப்பதோ டாக்கா படங்களில். வங்காளதேசத் தேசியத் திரைப்பட விருதுகள் 1975ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வழங்கப்பட்டன. முதல் மூன்று ஆண்டுகளும் சிறந்த நடிகை அவரே: 'பாந்தி தேகே பேகம்', அம்ஜத் ஹுசைனின் 'நயன்மணி', சுபாஷ் தத்தாவின் 'பசுந்தரா'. கடைசிப் படம் அலாவுதீன் அல் ஆசாதின் நாவலைத் தழுவியது.

1978இல் வந்த 'கோலாபி எகோன் ட்ரெய்னே' விருதுக் கணக்கில் அவருக்கு உதவவில்லை. அவ்வாண்டின் சிறந்த நடிகை விருது 'சாரேங் பௌ' படத்துக்காகக் கபரிக்குப் போயிற்று. ஆனால் சாதாரண ரசிகர்களின் நினைவில் பபிதா என்றால் கோலாபிதான். கிராமத்தில் பிழைக்க வழியின்றி ரயிலேறும் ஏழைப் பெண்ணின் கதை அது. அம்ஜத் ஹுசைன் எழுதிய வசனத்தில் கிராமத்துப் பேச்சு உண்டு. நகர வாசனை கொண்ட நாயகி என்று பெயரெடுத்திருந்த பபிதா அதை ஒட்டாமல் பேசவில்லை.

எண்பதுகளில் எண்ணிக்கை கூடியது. தரம் சீராக இல்லை. பல படங்களைப் பெயரளவில் குறிப்பிட்டால் போதும். விதிவிலக்குகள் 1985இல் வந்தன. ஷேக் நியாமத் அலியின் 'தஹன்' டாக்காவின் நடுத்தர வர்க்க வாழ்வைக் கசப்போடு காட்டியது. சரத் சந்திரரின் கதையான 'ராமேர் சுமதி' அவருக்கு நான்காவது முறையாகச் சிறந்த நடிகை விருதைத் தந்தது. 'தீன் கன்யா'வில் மூன்று சகோதரிகளும் சேர்ந்து நடித்தார்கள்.

நாயகி வயது கடந்தபின் அவர் தயங்காமல் அம்மா வேடங்களுக்கு மாறினார். முகமது ஜாஃபர் இக்பாலின் சிறுவர் நாவலைக் கொண்டு 1996இல் வெளியான 'தீபு நம்பர் டூ'வில், மகனைப் பிரிந்திருந்த தாயாகச் சில காட்சிகளே வருவார். அதே ஆண்டு செலினா ஹுசைனின் நாவலிலிருந்து உருவான 'போகா மாகோடேர் கர் பசதி'யைத் தயாரித்து, சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றார். 'ஹாசன் ராஜா' (2002), 'கே ஆபோன் கே பர்' (2011) இரண்டும் துணை நடிகைக்கான விருதுகளைத் தந்தன. 2015இல் வெளியான 'புத்ர எகோன் போய்சாவாலா'வுக்குப் பிறகு அவர் திரையிலிருந்து ஒதுங்கினார். 2016ஆம் ஆண்டுக்கான தேசிய வாழ்நாள் சாதனை விருது அவருக்கும் நடிகர் ஃபாரூக்குக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. 'நயன்மணி'யிலும் 'கோலாபி'யிலும் அவருக்கு இணையாக நடித்தவர் ஃபாரூக்.