கிங்ஸ்டனின் இசைப் பரம்பரைகள்

ஜமைக்கா என்றால் நம்மில் பலருக்கும் பாப் மார்லியின் முகம் அச்சடித்த பனியன்தான் நினைவுக்கு வரும். 1981இல், 36 வயதில் மறைந்த அவர் பெரிய கலைஞர்தான். ஆனால் அவரைத் தனிமரமாகப் பார்ப்பது அவரை வளர்த்த கூட்டத்துக்குச் செய்யும் அநியாயம்.

அந்தக் கூட்டத்தின் வேர் கிங்ஸ்டனில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பள்ளி. ஏழைச் சிறுவர்களும், அடங்காதவர்கள் என்று வீட்டார் கைவிட்டவர்களும் அங்கே அச்சுத்தொழில், தையல் என்று ஏதாவது கற்றார்கள். கூடவே பேண்டு வாத்தியமும். சிஸ்டர் இக்னேஷியஸ் இசைத்தட்டுகளைச் சேர்த்துவைத்துப் பையன்களுக்குப் போட்டுக்காட்டுவார். ஜாஸும் லத்தீன் இசையும் கேட்டு வளர்ந்த அந்தப் பையன்களில் டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வர் 1964இல் ஸ்கடலைட்ஸ் குழுவின் தூண்கள் ஆனார்கள். டிரம்மண்டின் டிராம்போனில் ஒலிக்கும் துயரத்துக்கு ஈடு அந்தத் தீவில் இன்றுவரை இல்லை என்பது என் கட்சி. அவருடைய வாழ்க்கை கோரமானது. 1965இன் தொடக்கத்தில் காதலியைக் கொன்றார். 1969இல் மனநல மருத்துவமனையிலேயே இறந்தார். குழு அதற்கு முன்பே கலைந்திருந்தது.

அடுத்த பரம்பரை ஸ்டூடியோக்களுடையது. 1963இல் காக்ஸன் டாட் தொடங்கிய ஸ்டூடியோ ஒன் ஒருபுறம், முன்னாள் போலீஸ்காரர் டியூக் ரீடின் டிரஷர் ஐல் மறுபுறம். மார்லியின் வெய்லர்ஸ் தங்கள் முதல் வெற்றிப் பாட்டைப் பதிந்தது டாட்டிடம்தான். பின்னணி வாசித்தவர்களில் ஆல்ஃபா பையன்களும் இருந்தார்கள். ஸ்கடலைட்ஸ் வாசித்த வேகமான ‘ஸ்கா’ இசையின் ஓட்டம் 1966 வாக்கில் நிதானப்பட்டு ராக்ஸ்டெடி ஆனது. அந்த நடையில் ரீடின் கை ஓங்கியது. 1968இல் ரெகே பிறந்தது.

இந்த மரபில் தேர்ச்சியை அளக்கக் குரலை மட்டும் கேட்டால் போதாது. பேஸையும் டிரம்ஸையும் கேட்க வேண்டும். ‘ஒன் டிராப்’ தாளத்தில் முதல் அடி காலியாக நிற்கும், அழுத்தம் மூன்றாம் அடியில் விழும். அந்த வெற்றிடத்தைப் பதறாமல் விட்டுவைப்பவரே நல்ல டிரம்மர். மின்கருவிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்த கிங் டப்பி இதை எல்லைவரை கொண்டுபோனார். பதிவான பாட்டிலிருந்து குரலை எடுத்தார், எதிரொலி சேர்த்தார். மிக்ஸரே வாத்தியமாகி ‘டப்’ பிறந்தது.

எழுத்தின் கதையும் இதே மக்களின் பேச்சுமொழியில்தான் நடந்தது. கவிஞர் கிளாட் மெக்கே 1912இலேயே அதில் கவிதை நூல் போட்டார். ஆனால் அந்த மொழியை மேடையிலும் பத்திரிகையிலும் வானொலியிலும் நிலைநாட்டியவர் லூயிஸ் பென்னெட். கொச்சை என்று படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் சிரிக்கவைத்தே ஜெயித்தார். சாபெல்டனில் பிறந்து லண்டனில் வளர்ந்த லிண்டன் குவேசி ஜான்சன் அந்தப் பேச்சை ரெகேயின் பேஸ் நடையில் ஏற்றி, அங்குள்ள கறுப்பின இளைஞர்களின் கோபத்தைப் பாடினார். பெங்குவின் தன் நவீன செவ்வியல் வரிசையில் அவருடைய கவிதைகளை 2002இல் வெளியிட்டது.

புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்கு ஒன்று சொல்வேன்: மார்லியை ஒரு வாரம் ஒத்திவைத்து, முதலில் டிரம்மண்டைக் கேளுங்கள்.