பீரங்கிக்கு எதிரே காடு

புக்கிட் மெலாவத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தவே வராது. பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறிவிட்டுக் காரை எடுத்தால், வெயில் ஏறுவதற்குள் கோல சிலாங்கூரில் அந்தக் குன்றின் மேல் நிற்கலாம். பாழடைந்த கோட்டையைப் படமெடுக்க ஆசைப்படும் எவருக்கும் இதைவிட நல்ல இடத்தை நான் சொல்ல மாட்டேன்.

இந்தக் குன்றுக்காக எத்தனை சண்டை! 1784ல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரை வைத்தார்கள். மறு வருடமே சுல்தான் இப்ராகிம், பகாங்காரர்களின் துணையோடு அதை மீட்டார். கிள்ளான் போர் நடந்த காலத்தில், 1871ல், பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரினால்டோ இதன்மேல் குண்டு பொழிந்தது. கடைசியில் ஜெயித்தது பாசிதான்.

மழை விட்ட காலையில் அந்தப் பாசியைப் பார்க்க வேண்டும். சுவரின் கல்லில் ஈரம் ஏறி, பச்சையிலேயே பத்து விதம் தெரியும். அதன்மேல் பெரிய மரங்களின் நிழல் வலைபோல விழும். நான் ட்ரைபாடைத் தரையோடு தாழ்த்தி, பீரங்கியின் பின்னாலிருந்து அதன் குழாய் நோக்கும் திசையிலேயே படம் எடுப்பேன். கப்பல்களுக்குக் குறிவைத்த குழாய்க்கு நேரே இன்று காடுதான் முதலில் விரிகிறது. மலாக்கா நீரிணை அதற்கும் அப்பால் ஒரு வெள்ளிக் கோடு. கோட்டையை மட்டுமா, அது காவல் காத்த காட்சியையும் அல்லவா மரங்கள் எடுத்துக்கொண்டன! அந்த ஒரு படத்துக்காகவே திரும்பத் திரும்பப் போகிறேன்.

அப்புறம் லோத்தோங் குரங்குகள். ஆகா! சாம்பல் நிறத் தாய் பீரங்கிமேல் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். மடியில் குட்டி பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில். சில மாதங்களில் அந்த நிறம் மாறிவிடும் என்பதால் குட்டியைக் கண்டால் விடவே கூடாது. பின்னால் வானம் இருந்தால் தாய் வெறும் கறுப்புத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள், மயிர் நுனியெல்லாம் வெள்ளியாய் மின்னும்.

பெரிய லென்ஸ் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஆளுக்குப் பழகிய குரங்குகள், கைபேசியே போதும். வார இறுதியில் கூட்டம் நெரியும். வாரநாளில், விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள்.