கள்ளிப்பாலும் பட்டப்பெயரும்

குடும்பத்துக்கே நஞ்சூட்டிய பெண்ணை நம் சொல்லாடல் எப்படிக் கட்டமைக்கிறது? மேரி ஆன் காட்டன், வளர்ப்பு மகனுக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாக 1873இல் இங்கிலாந்தின் டர்ஹாம் சிறையில் தூக்கிலிடப்பட்டவர்; அவர் பெயர் சிறுவர் பாட்டாயிற்று. இங்கே குன்றத்தூர் அபிராமி. 2018இல் தன் இரு குழந்தைகளைக் கொன்றதற்காக அவருக்கும், உடந்தையாயிருந்த ஆணுக்கும் 2025 ஜூலையில் காஞ்சிபுரம் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை சமம். ‘பிரியாணி அபிராமி’ என்ற பட்டம் மட்டும் அவருக்கு. பிரியாணிக் கடையில் வேலை பார்த்ததோ அந்த ஆண்!

நம்ம கொங்குப் பக்கம் வருவோம். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததே பெண்சிசுக் கொலையால்தான். கள்ளிப்பால் புகட்டியதும் வீட்டுப் பெண்தான். அவளுக்குப் பட்டப்பெயர் கிடையாது. ‘அந்தப் பக்கத்து வழக்கம்’ என்று சொல்லி முடிச்சாச்சு. குடும்பத்தை மீறிச் செய்தால் அரக்கி. குடும்பத்துக்காகச் செய்தால் வழக்கம். செத்தது இரண்டிலும் குழந்தைதான்.

அபிராமிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கள்ளிப்பாலைக் கதையாக்கும் நம் எழுத்தாளர்களைத்தான் கேட்கிறேன்: புகட்டியவளின் கண்ணீரை எழுதிவிட்டீர்கள், சீர் செலவைக் கணக்குப் போட்டு, பொட்டப்புள்ள வேண்டாமென்று திண்ணையில் இருந்தபடியே முடிவு சொன்னவனை எப்போது எழுதப்போகிறீர்கள்?